நகரம் காத்தவர்கள் – 11: கறுப்புக் குதிரை நின்ற இடம்

பம்பாய்க் கோட்டையின் மதில்கள் 1860களில் இடித்துத் தள்ளப்பட்டதையும், அந்த வெட்டவெளியில் பருத்திப் பணம் கோபுரங்களாக எழுந்ததையும் சென்ற பகுதியில் பார்த்தோம். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்ததால் இங்கிலாந்து ஆலைகளுக்கு இந்தியப் பருத்தி தேவைப்பட்டது. அந்த நாலைந்து வருட வரவில் ஒரு நகரமே முகம் மாறியது. யார் பணம் கொடுத்தார், எந்தக் கவர்னர் அடிக்கல் நாட்டினார் என்பதெல்லாம் அந்தக் கட்டடங்களின் வாசலிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. இந்தப் பகுதியில் வாசற்கல்லில் பெயர் இல்லாதவர்களைப் பற்றிப் பேசப்போகிறோம். ஒரு நூலகம், ஓவியக் கூடங்கள் இரண்டு, ஒரு மைதானம். எல்லாம் தென் மும்பையில் ஒன்றுக்கொன்று நடந்து போகிற தூரத்தில் இருக்கின்றன. இவற்றைக் கட்டிய பணக்காரர்களுக்கு வரலாறு தன் கடனைத் தீர்த்துவிட்டது. சாயங்காலங்களில் கூட்டம் போட்டு, மனு எழுதி, நன்கொடைக்கு அலைந்து, நீதிமன்றப் படியேறி இவற்றைக் காப்பாற்றிக் கொடுத்த நகரவாசிகளுக்கு அது இன்னும் பாக்கி வைத்திருக்கிறது.

இந்த வட்டாரத்துக்குக் காலா கோடா என்று பெயர். கறுப்புக் குதிரை. பிற்பாடு ஏழாம் எட்வர்டு ஆன வேல்ஸ் இளவரசர் 1875இல் இந்தியா வந்துபோனதன் நினைவாக ஆல்பர்ட் சசூன் என்ற வணிகர் அவருக்கு ஒரு குதிரைச் சிலை செய்து வைத்தார். 1879இல் திறக்கப்பட்டது. சிலையில் ஏறி அமர்ந்திருந்தது இளவரசர்தான். ஆனால் மக்கள் கண்ணில் பட்டது குதிரை. 1965இல் காலனியச் சிலைகளை அகற்றியபோது இதையும் பெயர்த்தெடுத்து பைகுல்லா தோட்டத்துக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். அதன்பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்த இடத்தில் குதிரையே இல்லை. அப்போதும் பேருந்து நடத்துநர் முதல் டாக்ஸிக்காரர் வரை எல்லோரும் காலா கோடா என்றுதான் சொன்னார்கள்.

முதலில் நூலகம். அதன் தொடக்கத்தைத் தெரிந்துகொண்டால்தான் அதைக் காப்பாற்றியவர்கள் யாருடைய வாரிசுகள் என்பது புரியும்.

1847இல் பம்பாய் நாணயச் சாலையிலும் அரசுக் கப்பல் துறையிலும் வேலை பார்த்த இளம் இயந்திரத் தொழிலாளர்கள் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். இயந்திர மாதிரிகளையும் கட்டட வரைபடங்களையும் சேர்த்துவைக்க ஓர் அருங்காட்சியகம், கூடவே ஒரு நூலகம். இதுதான் அவர்கள் நோக்கம். பகலெல்லாம் எண்ணெய்க் கையோடு உழைத்தவர்கள், தங்கள் தொழிலின் அடிப்படையைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தாங்களே தொடங்கிய காரியம் அது. சொந்தக் கட்டடத்துக்குப் பணம் கிடைக்க அவர்கள் பதினாறு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1863இல் டேவிட் சசூன் 60,000 ரூபாய் கொடுக்க முன்வந்தார். கட்டடத்துக்கு ஆன மொத்தச் செலவு 1,25,000 ரூபாய். எஞ்சியதை அரசு ஏற்றது. 1870இல் கட்டி முடித்தார்கள். சசூன் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1864இலேயே புணேயில் இறந்துவிட்டார்.

இந்த டேவிட் சசூன் பாக்தாதிலிருந்து கெடுபிடிக்குத் தப்பி பம்பாய்க்கு வந்து சேர்ந்த யூதர். மருத்துவமனை, பள்ளி, யூதக் கோயில் என்று இந்த நகரத்துக்கும் புணேக்கும் அள்ளிக் கொடுத்தவர். கொடுத்த பணத்தில் பெரும்பங்கு சீனாவுக்குக் கப்பலேறிய அபினிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு கட்டடத்தைக் காப்பது என்றால் அதன் கணக்குப் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களையும் காப்பது என்றுதான் நான் நினைக்கிறேன். அபின் கணக்கை மறைத்துவிட்டு வாசலில் இருக்கும் சலவைக்கல் சிலைக்கு மாலை போடுவதில் நேர்மை இல்லை. அபினைச் சொல்லி நூலகத்தை வெறுப்பதிலும் நியாயம் இல்லை. அங்கே படித்து முன்னுக்கு வந்தவர்கள் ஏழெட்டுத் தலைமுறையினர்.

அந்தக் கட்டடத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். வெளிச்சுவர் மஞ்சள் நிற மலாட் கல். பம்பாய்க்கு வடக்கே மலாடில் வெட்டியெடுத்த எரிமலைப் பாறை. அந்தக் காலத்தில் கட்டிய சுவர்களில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சுண்ணாம்புக் காரை பூசியிருப்பார்கள். சுண்ணாம்பு மூச்சு விடும். மழையில் குடித்த ஈரத்தை வெயிலில் வெளியே விட்டுவிடும். சுதந்திரத்துக்குப் பிறகு வந்த பராமரிப்புக்காரர்கள் நல்லெண்ணத்தோடுதான் சிமெண்ட் பூசினார்கள். சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கும். போகவழி இல்லாத ஈரம் கல்லின் வழியாக வெளியே வரப் பார்க்கும். கடற்காற்றின் உப்பும் சேர்ந்துகொள்ளும்போது கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும். மேலே பூசிய பெயிண்ட் இன்னும் கேடு செய்யும். பம்பாயின் பழைய கட்டடங்களில் நடந்த சீரமைப்பு வேலைகளில் பெரும்பகுதி, முந்தைய சீரமைப்புகளைக் களைவதாகவே இருந்தது.

கூரையின் கதையும் இதேதான். சசூன் நூலகத்தின் மாடி வாசிப்பறைக்கு முதலில் இருந்தது சரிவுக் கூரை. பம்பாய் மழை மாதங்களில் கொட்டும் நீரை நிற்கவிடாமல் வழித்துவிட அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. 1960களில் அதைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் தளம் போட்டார்கள். தளம் ஒழுகியது. ஒழுகலை மறைக்கப் பொய்க்கூரை வந்தது. பொய்க்கூரை வந்ததும் அறையின் உயரம் சுருங்கியது. உயரம் சுருங்கியதும் காற்று நின்றது. குழல் விளக்கும் குளிர்சாதனப் பெட்டியும் வந்து சேர்ந்தன. ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்த முடிவு அன்றைக்கு நியாயமாகவே பட்டிருக்கும். ஐம்பது வருடத்தில் சேர்ந்த இந்த நியாயங்கள் ஒரு நல்ல அறையைக் கொன்றுவிட்டன.

ஆனாலும் உறுப்பினர்கள் விட்டுப் போகவில்லை. வக்கீல்கள், கணக்காயர் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள், ஓய்வுபெற்ற குமாஸ்தாக்கள். மாடித் தாழ்வாரத்தில் கைப்பிடி நீண்ட மரச் சாய்வு நாற்காலிகள் வரிசையாகக் கிடக்கும். கையில் விரித்த செய்தித்தாளோடு அரைத்தூக்கத்தில் ஒருவர், பக்கத்திலேயே சட்டப் புத்தகத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு இன்னொருவர் என்று அந்தத் தாழ்வாரம் எப்போதும் உயிரோடுதான் இருந்தது. கட்டடத்தின் பின்னால் ஒரு சின்னத் தோட்டம். கீழே தெருவில் இருக்கும் இரைச்சலுக்கு அங்கே அனுமதி இல்லை. நூலகத்தின் ஆட்சிக்குழுவை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். சந்தா மிகக் குறைவு. அந்தச் சந்தாவில் புத்தகம் வாங்கலாம், மின் கட்டணம் கட்டலாம். நூற்றைம்பது வருடக் கல்லைச் சீர் செய்ய அது எந்த மூலைக்கும் காணாது.

இங்கேதான் கதைக்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் வருகிறார்கள். 1998இல் காலா கோடா சங்கம் உருவானது. அதற்கு முன்பே நகர வடிவமைப்பு ஆய்வு நிறுவனம் என்ற அமைப்பில் கூடியிருந்த கட்டடக் கலைஞர்கள் இந்த வட்டாரத்தை அளந்து, வரைந்து, ஒரு யோசனையை முன்வைத்திருந்தார்கள். அருங்காட்சியகம், ஓவியக் கூடங்கள், நூலகங்கள், கல்லூரி எல்லாம் ஒரே பிறைவடிவத் தெருவில் அமைந்திருக்கின்றன. இவற்றைத் தனித்தனிக் கட்டடமாகப் பார்க்காமல் ஒரு கலை வட்டாரமாகப் பார்த்தால் என்ன? யோசனை சரி, காசு? அடுத்த வருடமே, 1999இல், முதல் காலா கோடா கலைத் திருவிழா நடந்தது. ராம்பார்ட் ரோ தெருவில் வண்டிகளை நிறுத்திவிட்டு ஓவியமும் சிற்பமும் இசையும் நாடகமும். நுழைவுக் கட்டணம் கிடையாது, இன்றுவரை கிடையாது. விளம்பரதாரர்களிடம் திரட்டியதில் விழாச் செலவு போக மிஞ்சுவதைச் சீரமைப்புக்கு ஒதுக்குவது என்று வைத்துக்கொண்டார்கள். நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுத்து ஒழுங்கு செய்பவர்கள் பெரும்பாலும் தொண்டர்கள். பிப்ரவரி மாதத்துக் கூட்டத்தில் எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டு நிற்கும்போது, அந்தக் கூட்டம்தான் நடைபாதையாகவும் விளக்குக் கம்பமாகவும் இருக்கையாகவும் சுத்தம் செய்த கல்முகப்பாகவும் மாறப்போகிறது என்பது பலருக்குத் தெரிந்திருக்காது. சசூன் நூலகத்தின் பின்தோட்டத்திலேயே விழாவின் இலக்கியக் கூட்டங்கள் நடக்கின்றன. நூலகம் இடம் கொடுத்தது, விழா அதன் சுவரைத் தாங்கிப் பிடித்தது.

கூரைக்கு மட்டும் இன்னும் இருபது வருடம் ஆனது. 2020களின் தொடக்கத்தில் ஜே.எஸ்.டபிள்யூ அறக்கட்டளை உள்ளிட்ட கொடையாளர்கள் கைகொடுக்க, கட்டடக் கலைஞர் ஆபா நாராயண் லாம்பாவின் குழு வேலையைத் தொடங்கியது. கான்கிரீட் தளத்தை அகற்றிச் சரிவுக் கூரையை மீட்டார்கள். பொய்க்கூரையும் குழல் விளக்கும் போயின. 2023இல் வாசிப்பறை மறுபடி திறந்தது. பெரிய நிறுவனங்களின் பணம் வந்தால் இடத்தின் குணம் மாறிவிடுமோ என்ற கவலை எனக்கு எப்போதும் உண்டு. பல இடங்களில் மாறியிருக்கிறது. சீர் செய்த கட்டடம் பணக்காரர்கள் கல்யாணம் செய்யும் மண்டபமாக முடிந்திருக்கிறது. இங்கே சாய்வு நாற்காலி சாய்வு நாற்காலியாகவே இருக்கிறது. உறுப்பினர்கள் ஆளும் நூலகமாக அது நீடித்ததுதான் காரணம். வெளியிலிருந்து வந்தவர்கள் செலவுக்குத் தோள் கொடுத்தார்கள்; சாவி பழைய கையிலேயே இருந்தது.

நூலகத்துக்கு எதிரில், கொஞ்சம் தள்ளி, ஜஹாங்கீர் ஓவியக் கூடம். 1952இல் திறந்தது. சர் கவாஸ்ஜி ஜஹாங்கீர் தன் இறந்துபோன மகனின் நினைவாகக் கட்டிக் கொடுத்தார். ஓவியர் கே.கே. ஹெப்பாரும் அணு விஞ்ஞானி ஹோமி பாபாவும் இதற்குப் பின்னால் இருந்து உந்தியவர்கள்.

அதற்கு முன்பு பம்பாயில் ஓர் இளம் ஓவியர் தன் படத்தை எங்கே மாட்டுவார் என்று யோசித்துப் பாருங்கள். 1947இல் சூசா, ரஸா, ஹுசைன், ஆரா, காடே, பாக்ரே ஆறு பேரும் முற்போக்கு ஓவியர் குழுவைத் தொடங்கினார்கள். இன்று அவர்கள் படங்களுக்கு ஏலத்தில் கோடிக்கணக்கில் விலை போகிறது. அன்று அவற்றை மாட்டச் சுவர் இல்லை. 1949இல் ராம்பார்ட் ரோவில் பம்பாய் ஓவியச் சங்கத்தின் சின்ன அறையில்தான் அவர்கள் கண்காட்சி நடந்தது. இன்னொரு சுவர் ஒரு படச்சட்டக் கடையின் சன்னல். கேகூ காந்தி என்ற பார்சி இளைஞர் 1941இல் படங்களுக்குச் சட்டம் போடும் கெமோல்ட் என்ற தொழிலைத் தொடங்கியிருந்தார். தனக்குத் தெரிந்த ஓவியர்களின் படங்களைத் தன் கடைச் சன்னலில் மாட்டிவைத்தார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். இந்திய நவீன ஓவியத்தின் ஆரம்பகால விற்பனைக்கூடம் என்று அதைச் சொன்னால் மிகையில்லை. 1963இல் ஜஹாங்கீர் கூடத்தின் மாடியிலேயே அவர் கெமோல்ட் ஓவியக் கூடத்தைத் திறந்தார்.

கேகூ காந்தியும் சிற்பி பீலூ பொச்கானாவாலாவும் செய்த இன்னொரு வேலைதான் இந்தத் தொடருக்கு முக்கியம். ஜஹாங்கீர் கூடத்துக்குப் பக்கத்திலேயே, சாலையைத் தாண்டினால், அதே குடும்பத்தின் முந்தைய தலைமுறைக் கொடையில் எழுந்த கவாஸ்ஜி ஜஹாங்கீர் பொது மண்டபம் இருந்தது. 1911இல், இந்த வட்டாரத்தின் அருங்காட்சியகத்தை வடிவமைத்த ஜார்ஜ் விட்டெட் கட்டியது. ஒரு காலத்தில் கச்சேரிகளும் அரசியல் கூட்டங்களும் நடந்த இடம். பிற்பாடு குத்துச்சண்டைப் போட்டி, தொழிற்சங்கக் கூட்டம், கல்யாண வரவேற்பு என்று வாடகைக்கு விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாழானது. மும்பையில் தேசிய நவீன ஓவியக் கூடத்துக்கு ஒரு கிளை வேண்டும், அதற்கு இந்த மண்டபமே போதும் என்று இவர்கள் இருவரும் பிடிவாதமாக நின்றார்கள். அரசிடம் கேட்பது என்றால் எத்தனை வருடம் ஆகும் என்பது நமக்குத் தெரியாததல்ல. வட்ட வடிவ மண்டபத்தின் உட்புறத்தை மாற்றிப் பல தளங்களாக அமைக்கும் வேலை மட்டும் பன்னிரண்டு வருடம் நடந்தது. 1996 டிசம்பரில் கூடம் திறந்தபோது பீலூ இறந்து பத்து வருடம் ஆகியிருந்தது.

பீலூ பொச்கானாவாலா இரும்புத் துண்டுகளையும் பழைய இயந்திர பாகங்களையும் பற்றவைத்துச் சிற்பம் செய்தவர். முறையான கலைப் பள்ளிப் படிப்பு இல்லை; முப்பது வயதை ஒட்டித்தான் சிற்பத்துக்கே வந்தார். தன் வேலையைச் செய்துகொண்டே மற்ற கலைஞர்களுக்கு மேடை அமைப்பதிலும் விழா நடத்துவதிலும் தன் நாட்களைக் கொடுத்தார். ஒரு சிற்பிக்குச் சிற்பம் செய்யும் நேரத்தைவிட மதிப்புள்ளது எதுவும் இல்லை. அந்த நேரத்தை எடுத்து ஒரு பொது மண்டபத்துக்காகக் கோப்புகளின் பின்னால் அவர் செலவழித்தார் என்பதை நினைக்கும்போது, இவரைப் பற்றி இன்னும் நிறைய எழுதப்பட வேண்டும் என்று தோன்றுகிறது. இன்று அந்தக் கூடத்தின் படிகளில் வட்டமாக ஏறிப்போகும் மாணவர்களுக்கு யாராவது இதைச் சொல்ல வேண்டும்.

இத்தனைக்கும் அடியில் ஒரு சட்டம் இருந்தது. 1995 ஏப்ரலில் மும்பை மாநகராட்சி எல்லைக்குப் பாரம்பரியக் கட்டட விதிகள் நடைமுறைக்கு வந்தன. இந்தியாவில் அப்படியொரு விதியைக் கொண்டுவந்த முதல் நகரம் மும்பை. அறுநூறுக்கும் மேற்பட்ட இடங்களைத் தரம் பிரித்துப் பட்டியலிட்டார்கள். முதல் தரத்தில் உள்ளதைத் தொடவே கூடாது என்கிற அளவுக்குக் கட்டுப்பாடு. அடுத்த தரங்களில் படிப்படியாகத் தளர்வு. பட்டியலில் உள்ள எதையும் இடிக்கவோ மாற்றவோ நிபுணர் குழுவிடம் போயாக வேண்டும். இந்த விதிக்காகப் பல வருடம் போராடியவர்களில் முன்னணியில் நின்றவர் ஷியாம் சைனானி. பம்பாய் சுற்றுச்சூழல் செயற்குழுவின் செயலராகச் சம்பளம் இல்லாமல் உழைத்தவர், 2010இல் காலமானார். அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும் கடிதம், அதற்குப் பதில் வராவிட்டால் நினைவூட்டல், பிறகு நேரில். மாத்தேரான் மலை ஊரைக் காக்கவும் கடற்கரையோரக் கட்டடங்களைத் தடுக்கவும் இதே முறையில்தான் அவர் போராடினார். மேடையில் முழங்காத மனிதர். கோப்பு எந்த மேசையில் தூங்குகிறது என்று தெரிந்துவைத்திருந்தார்.

சட்டம் வருவதற்கு முன் ஒரு பழைய கட்டடத்தை இடிக்காதே என்று கேட்பவர் உரிமையில்லாத ஆள். உன் சொத்தா, உனக்கென்ன என்று கேட்டால் பதில் கிடையாது. பட்டியல் வந்த பிறகு அதே ஆள் விதியைக் காட்டிக் கேள்வி கேட்கலாம், நீதிமன்றம் போகலாம். இந்த மாற்றத்தின் எடையைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு வழக்கு போதும். டி.என். சாலையில் ஜே.என். பெட்டிட் நூலகம் இருக்கிறது. அதுவும் 1856இல் சில பார்சி இளைஞர்கள் தாங்களே தொடங்கியதுதான்; இப்போதுள்ள கட்டடம் 1898இல் எழுந்தது. 2015இல்தான் அதன் சீரமைப்புக்கு யுனெஸ்கோ விருது கிடைத்திருந்தது. 2017 ஆகஸ்டில், பூமிக்கடியில் மெட்ரோ ரயில் பாதை வேலை நடந்துகொண்டிருந்தபோது கட்டடத்தின் உச்சியிலிருந்து ஓர் அலங்காரக் கல் பெயர்ந்து விழுந்தது. நூலக அறங்காவலர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். நீதிமன்றம் அந்தப் பகுதியில் வேலையைத் தற்காலிகமாக நிறுத்தி, நிபுணர்களைப் பார்க்கச் சொன்னது. பல்லாயிரம் கோடி ரூபாய்த் திட்டத்தின் எதிரில் ஒரு வாசகசாலையின் அறங்காவலர்கள் நின்று தங்கள் குரலைக் கேட்க வைத்தார்கள்.

இனி மைதானம். காலா கோடாவிலிருந்து மேற்கே, பல்கலைக்கழகத்தைச் சுற்றிக்கொண்டு போனால் ஓவல் மைதானம் திறந்து கிடக்கும். இருபத்திரண்டு ஏக்கர். கோட்டையிலிருந்து பீரங்கி சுடத் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் வெட்டவெளியாக வைத்திருந்த எஸ்பிளனேடின் மிச்சம். கிழக்கே உயர் நீதிமன்றமும், பிரேம்சந்த் ராய்சந்த் தன் தாயின் பெயரில் எழுப்பிய ராஜாபாய் மணிக்கூண்டும், அதன் அடியில் பல்கலைக்கழக நூலகமும். மேற்கே, கடலைத் தூர்த்த நிலத்தில் 1930களில் எழுந்த ஆர்ட் டெகோ அடுக்குமாடி வீடுகள். அறுபது வருட இடைவெளியில் வந்த இரண்டு நூற்றாண்டுகளின் கட்டடக்கலை ஒரு புல்வெளியின் இருபுறமும் எதிரெதிரே நிற்கிறது. உலகில் இப்படி வேறொரு தெரு எனக்குத் தெரிந்து இல்லை. நடுவில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். ஒரு ஆட்டத்தின் லாங் ஆன் இன்னொரு ஆட்டத்தின் ஸ்லிப். யார் எந்தப் பந்துக்கு ஓடுகிறார்கள் என்று ஆடுகிறவர்களுக்கு மட்டுமே தெரியும்.

1990களின் நடுவில் இந்த மைதானத்தில் மாலையில் நடக்கப் பயப்படுவார்கள். குப்பை குவிந்து கிடந்தது. போதைப்பொருள் விற்பவர்களும் அதற்கு அடிமையானவர்களும் ஒதுங்கும் இடமாகிவிட்டது. நிலம் மாநில அரசுடையது. சுற்றுவட்டாரக் குடியிருப்பாளர்கள் ஓவல் கூப்பரேஜ் குடியிருப்போர் சங்கத்தை அமைத்து, முதலில் கேட்டார்கள், பிறகு உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். மைதானத்தின் மேற்கு ஓரத்தில் வசிப்பவர்கள் கிழக்கு ஓரத்தில் இருக்கும் நீதிமன்றத்தில் அதே மைதானத்துக்காக வழக்காடினார்கள்; தீர்ப்புச் சொன்ன நீதிபதிகளும் சன்னல் வழியே அதைத்தான் தினமும் பார்த்திருப்பார்கள். பராமரிக்கும் பொறுப்பு சங்கத்தின் கைக்கு வந்தது. வேலி போட்டார்கள், நடைபாதை அமைத்தார்கள், புல் வளர்த்தார்கள், காவலாள் வைத்தார்கள். செலவு குடியிருப்பாளர்களும் நன்கொடையாளர்களும் கொடுத்தது.

இந்த இடத்தில் ஒரு கேள்வியை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. வசதியானவர்கள் வேலி போட்டால், வெளியே நிற்கப்போவது யார்? மும்பையில் திறந்தவெளி மிக மிகக் குறைவு. தத்தெடுப்பு என்ற பெயரில் பொது மைதானங்களை எடுத்துக்கொண்டு உறுப்பினர் மன்றமாக மாற்றியவர்களும் அந்த நகரத்தில் உண்டு. அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. அதனால் ஓவலை அளக்க வேண்டிய கோல் ஒன்றுதான்: இரண்டு ரயில் மாறி, கிட்டை முதுகில் தூக்கிக்கொண்டு புறநகரிலிருந்து வரும் பையன் இன்றும் அங்கே ஆட முடிகிறதா? முடிகிறது. சர்ச்கேட் ரயிலைப் பிடிக்க ஓடுகிற குமாஸ்தா குறுக்கே இருக்கும் பாதையில் நடக்க முடிகிறதா? முடிகிறது. வேலிக்கு வாசல் இருக்கிறது, வாசலில் சீட்டு இல்லை. இந்த இரண்டும் மாறாத வரை அந்தச் சங்கத்தின் காரியம் நல்ல காரியம். மாறினால் அன்றைக்கு முதலில் எழுத வேண்டியவர்கள் நம்மைப் போன்றவர்களே.

நூலகத்துக்காகவும் கூடத்துக்காகவும் மைதானத்துக்காகவும் தனித்தனியே உழைத்தவர்கள் பின்பு ஒரே மனுவில் கையெழுத்திட்டார்கள். ஓவலின் இரு கரைகளையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கக் கோரும் மனு. பொதுவாக இப்படிப்பட்ட விண்ணப்பங்களை அரசுத் துறைகள் தயாரிக்கும். இங்கே குடியிருப்போர் சங்கங்களும் காலா கோடா சங்கமும் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து முன்னெடுத்தன. ஆபா லாம்பாதான் ஆவணத்தைத் தயாரித்தவர். பத்து வருடத்துக்கும் மேல் ஆனது. 2012இல் தற்காலிகப் பட்டியலில் இடம் கிடைத்தது. ஒரு நாடு ஒரு வருடத்தில் அனுப்பக்கூடிய விண்ணப்பங்களுக்கு வரம்பு உண்டு. மற்ற ஊர்கள் வரிசையில் முன்னால் நின்றன. 2017இல் அகமதாபாத்துக்குக் கிடைத்தது. 2018 ஜூன் 30ஆம் தேதி பஹ்ரைனின் மனாமா நகரில் கூடிய குழு, மும்பையின் விக்டோரிய கோதிக், ஆர்ட் டெகோ கட்டடத் தொகுதியைப் பட்டியலில் சேர்த்தது. மொத்தம் 94 கட்டடங்கள். சசூன் நூலகமும் அதில் ஒன்று. வெறும் எண்பது வருடப் பழமையுள்ள அடுக்குமாடி வீடுகளில் குடியிருப்பவர்கள், தங்கள் பால்கனியின் வளைவும் படிக்கட்டின் கைப்பிடியும் காக்கப்பட வேண்டியவை என்று அன்றுதான் முழுசாக நம்பத் தொடங்கினார்கள் என்று சொல்லலாம். ஆர்ட் டெகோ மும்பை என்ற அமைப்பு 2016 முதல் அந்த வீடுகளை ஒவ்வொன்றாகப் படமெடுத்து ஆவணப்படுத்தி வருகிறது.

உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைப்பதற்கு முந்தைய வருடம், 2017இல், காலா கோடாவுக்கு மறுபடியும் ஒரு கறுப்புக் குதிரை வந்தது. காலா கோடா சங்கம் செய்து வைத்தது. இளவரசர் இல்லை, முதுகு காலி. பழைய சிலையைப் பைகுல்லாவிலிருந்து திருப்பிக் கொண்டுவரலாமே என்ற பேச்சும் இருந்தது. புதிதாகச் செய்தது நல்ல முடிவு என்பேன்.

எல்லாவற்றையும் காப்பாற்றிவிட்டார்கள் என்று எழுதி முடிக்க ஆசைதான். ஆனால் சசூன் நூலகத்துக்கு அருகிலேயே, அதே வரிசையில் நிற்கிறது எஸ்பிளனேட் மேன்ஷன், அதாவது பழைய வாட்சன் ஹோட்டல். இங்கிலாந்தில் வார்த்த இரும்புத் தூண்களையும் உத்திரங்களையும் கப்பலில் கொண்டுவந்து 1860களில் பூட்டிய கட்டடம். 1896 ஜூலை 7ஆம் தேதி லூமியேர் சகோதரர்களின் படங்கள் இந்தியாவில் முதன்முதலாகத் திரையில் அசைந்தது இங்கேதான். அதே விதிகள், அதே பட்டியல், அதே சங்கங்கள், உலக நினைவுச்சின்ன நிதியம் 2005இல் விடுத்த எச்சரிக்கை எல்லாம் இருந்தும் அது சரிந்துகொண்டே வந்தது. 2005இல் பால்கனி இடிந்து விழுந்தது. பழைய வாடகைச் சட்டத்தில் வருடக்கணக்காக அடைபட்ட நூற்றுக்கணக்கான சிறு அறைகள், செலவு செய்ய விருப்பமில்லாத உரிமையாளர், போக இடமில்லாத வாடகைதாரர்கள், யாருடைய பொறுப்பு என்று தீராத வழக்கு. 2019இல் எல்லோரையும் காலி செய்தார்கள். நூலகத்துக்கு ஆட்சிக்குழு இருந்தது, மைதானத்துக்குக் குடியிருப்போர் சங்கம் இருந்தது. நடுவில் இருந்த இந்தக் கட்டடத்துக்குப் பேச ஒரே குரல் இல்லாமல் போனது எப்படி என்பதை, அங்கே மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருந்த டைப்பிஸ்டுகளிடமிருந்தும் வக்கீல்களிடமிருந்தும் தொடங்கிப் பார்க்க வேண்டும். அது அடுத்த பகுதி.